வெள்ளியில் ஓவியர்கள்

ஓவியரை நாணயத்தில் வடிப்பது எளிதல்ல. மன்னருக்கு முகம் போதும். ஓவியரின் உயிரோ நிறத்தில் இருக்கிறது. வெள்ளியில் இருப்பது ஒளியும் நிழலும் மட்டுமே. இந்த நிறமின்மையை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதே ஓவியர் நினைவு நாணயங்களுக்கு நான் வைக்கும் உரைகல்.

ஓவியத்தை அப்படியே புடைப்பில் கொண்டுவருவது ஒரு மரபு. லூவர் அருங்காட்சியகத்தின் 200ஆம் ஆண்டையொட்டி 1993இல் பிரான்ஸ் வெளியிட்ட 100 ஃபிராங்க் நாணயத்தில் மோனாலிசா இருக்கிறாள். ஆனால் லியொனார்டோ அந்தப் புன்னகையை ஓரக் கோடே தெரியாமல் நிழலுக்குள் நிழலாகக் கரைத்துத் தீட்டியவர். அச்சு உளிக்கு ஓரம் வேண்டும். ஓரம் வந்ததும் புன்னகை போய்விடுகிறது. போலந்து வேறு வழியில் போனது. 2002இல் ஓவியர் மதேய்கோவுடன் தொடங்கிய 20 ஸ்லோட்டி வரிசையில் நாணயமே செவ்வகம். அதன்மேல் வண்ணமும் அச்சிட்டார்கள். செவ்வகம் அழகு. வண்ணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வெள்ளியை நம்பாத வேலை அது.

ரஷ்யா 1999இல் ஓவியர் ரோரிக்கின் 125ஆம் பிறந்த ஆண்டுக்கு 2 ரூபிள் வெள்ளி நாணயங்களை வெளியிட்டது. குலு பள்ளத்தாக்கின் நக்கரில் வாழ்ந்து, 1947இல் அங்கேயே மறைந்தவர் என்பதால் நமக்கும் அவர் அயலாரல்லர்.

என் கணிப்பில் முதலிடம் மேற்கு ஜெர்மனியின் 1971ஆம் ஆண்டு 5 மார்க்குக்குத்தான். ஆல்பிரெக்ட் டியூரரின் 500ஆம் பிறந்த ஆண்டு நாணயம். குறுக்களவு 29 மி.மீ., எடை 11.2 கிராம், ஆயிரத்தில் 625 பங்கு வெள்ளி. அதில் டியூரரின் முகம் இல்லை. அவர் தம் படைப்புகளில் பொறித்த முத்திரை மட்டும் இருக்கிறது: அகலக் கால் விரித்து நிற்கும் 'ஏ', அதன் கால்களுக்கிடையே சிறிய 'டி'. சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால் அந்தக் கோடுகள் மட்டும் எழுந்து நிற்கும். டியூரரின் தந்தை பொற்கொல்லர். மகனும் முதலில் அந்தப் பட்டறையில்தான் தொழில் பழகினார். செப்புத் தகட்டில் கோடு கீறி உலகப் புகழ் பெற்றவருக்கு உலோகம் அந்நியமே அல்ல.

நெதர்லாந்து நாணய வடிவமைப்பையே கலைஞர்களிடம் ஒப்படைத்தது. 2003இல் வான்கோவுக்கான 5 யூரோவை வரைகலைஞர் காரல் மார்டன்ஸும், 2006இல் ரெம்பிராண்டுக்கானதை கலைஞர் பெரெண்ட் ஸ்ட்ரிக்கும் வடிவமைத்தார்கள். ஓவியருக்கு நாணயம் அடிக்க நினைக்கும் எந்த நாணயச் சாலையும் முதலில் பின்பற்ற வேண்டிய வழக்கம் இது.