காதால் பார்த்த கதை

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மடியில் முறம், எதிரே டிவி. அந்த அரைமணி நேரத்தில் அவள் திரையை நிமிர்ந்து பார்த்தது பத்துத் தடவைகூட இருக்காது.

"பாக்காமலே எப்படிம்மா புரியுது?"

"அதான் காதுல விழுதே" என்றாள், காம்பைக் கிள்ளியபடியே.

2020 ஊரடங்கு. படப்பிடிப்பு நின்றுபோனதால் சேனல்கள் பழைய தொடர்களைத் தூசி தட்டி எடுத்தன. சன் டிவியில் திருமுருகனின் 'மெட்டி ஒலி' மறுபடி வந்தது. 2002 முதல் 2005 வரை அது ஓடியபோது பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நாவல் படித்தவன் நான். மெகா சீரியல் என்றால் அழுகை, இழுவை என்று அப்போதே முடிவுகட்டியிருந்தேன். இந்த முறை அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு வாரத்தில், நேரம் நெருங்கினால் நானே ரிமோட்டைத் தேடினேன்.

அம்மா சொன்ன அந்த ஒரு வரிதான் இந்த வடிவத்தை எனக்குப் புரியவைத்தது. சீரியல்மேல் நாம் சொல்லும் குறைகளில் பாதி, தியேட்டர் இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருப்பவரை மனத்தில் வைத்துச் சொல்பவை. ஒரே செய்தியை மூன்று பேர் மூன்று தடவை பேசுவார்கள். அதிர்ச்சி என்றால் கேமரா ஒவ்வொரு முகமாகப் போய்வரும். யார் வருகிறார் என்பதை இசையே முந்திச் சொல்லிவிடும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து உட்காருபவளுக்கு இதெல்லாம் வேண்டியிருக்கிறது. அவள் எழுந்துபோய்க் குழம்பைக் கிண்டிவிட்டு வரும்வரை கதை அவளுக்காகக் காத்திருக்கிறது. வீட்டு வேலையின் வேகத்தை அறிந்து, அதற்கு ஈடுகொடுத்து நடக்கிற கலை வேறு எதுவும் நம்மிடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அந்த மெதுவான நடைக்கு ஒரு பலமும் இருக்கிறது. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரமாக டெல்லி குமார் நடித்தார். சினிமாவாக இருந்தால் ஒரு பெண்ணின் கல்யாணத்தை ஒரு பாட்டில் முடித்திருப்பார்கள். இங்கே கல்யாணத்துக்குப் பிறகுதான் கதையே. சம்பந்தி வீட்டுக்குப் போகிற தகப்பனின் தயக்கம், வாசலிலேயே தணிந்துபோகும் குரல், மகள் முகத்தைப் பார்த்து எதையோ யூகித்தும் கேட்காமல் திரும்புவது எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. மாமியார் ராஜமாக வந்த சாந்தி வில்லியம்ஸ் மருமகள் சரோவைச் சொல்லால் குத்துவார். ஒரு குத்தைத் தனியே எடுத்துப் பார்த்தால் அற்பமாகத் தெரியும். நாள்தோறும் கேட்கும்போதுதான் அதன் கனம் உறைக்கிறது. இரண்டரை மணி நேரப் படத்தால் இதைக் காட்ட முடியாது. 800-க்கும் மேற்பட்ட பகுதிகள் ஓடிய தொடரால் முடிந்தது.

ஒருநாள் அப்படியொரு காட்சி முடிந்ததும், புதுப்பெண்ணாக வந்த முதல் வருஷம் என் பாட்டி தன்னிடம் எப்படி நடந்துகொண்டார் என்று அம்மா சொன்னாள். அதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆனால் கோளாறும் இந்த நீளத்தில்தான் தொடங்குகிறது. நாளைக்கும் கதை வேண்டும்; வெள்ளிக்கிழமை விட்ட இடத்தில் திங்கட்கிழமை பிடிக்க வேண்டும். ஆகவே சரோவின் துன்பம் தீரக் கூடாது. அவள் ஒரு நாள் நிமிர்ந்து நின்று கேட்டுவிட்டால் பல மாதக் கதை போய்விடும். பொறுத்துப்போவதே பெண்ணுக்கு அழகு என்ற பழைய உபதேசம் இங்கே வியாபாரத் தேவையும் ஆகிறது. பின்னால் வந்த 'கோலங்கள்' (2003–2009) அபியைக் கட்டுமானத் தொழிலுக்கு அனுப்பியது. அது பெரிய மாற்றம்தான். ஆனாலும் 1500 பகுதிகளைத் தாண்டியும் அவளுக்கு நிம்மதி கிடைக்கவில்லை.

இன்னொன்று, நெருக்கம். நாள்தோறும் வீட்டுக்குள் வருகிறவர் உறவினர் ஆகிவிடுகிறார். 'கோலங்கள்' இயக்குநர் திருச்செல்வத்தின் 'எதிர்நீச்சல்' தொடரில் பெண்களை அடக்கியாளும் ஆதி குணசேகரனாக மாரிமுத்து அசத்தினார். எதிர்த்து நிற்கும் பெண்களின் கதையில், அடக்குபவரின் பேச்சைத்தான் ஊரே ரசித்துத் திரும்பச் சொன்னது. அது அந்த நடிகரின் வெற்றி. தொடர் சொல்லவந்த விஷயத்துக்கு அது உதவியதா என்றால், இல்லை என்றே சொல்வேன்.

'மெட்டி ஒலி'யில் என்னை மிகவும் உறுத்தியது சரோவின் கணவன் மாணிக்கம். சேத்தன் அந்தப் பாத்திரத்தை நன்றாகவே செய்திருந்தார். அம்மா பேச்சைத் தட்டாத மகன் அவன். மனைவி நொந்துபோகும்போது அவன் வாய்மூடி நிற்பதுதான் அந்த வீட்டின் பெரிய கொடுமை. ஆனால் பார்ப்பவர் கோபம் முழுவதையும் தொடர் ராஜத்தின் தலையில் கொட்டிவிடுகிறது. ஒரு பெண்ணை இன்னொரு பெண் படுத்துவதாகவே கதை நகர்கிறது. நடுவில் நிற்கும் ஆண் பாவப்பட்டவனாகத் தப்பித்துவிடுகிறான். அம்மாவும் ராஜத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

"அவன் ஏம்மா வாயே திறக்கல?" என்று கேட்டேன்.

கீரையிலிருந்து கையை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"உங்கப்பா திறந்தாரா?"