கை முறிந்த குழந்தை

மதுரை மேலக்கால் ரோட்டில் இருக்கிறது கோச்சடை. முத்தையா கோயிலுக்குப் பேர்போன ஊர். அங்கே குழந்தை இயேசுவுக்கும் ஆலயம் உண்டு. பெங்களூர் விவேக் நகரானாலும் இங்கேயானாலும் நமக்குப் பழகிய சுரூபம் ஒன்றுதான். தலையில் கிரீடம், இடது கையில் உலக உருண்டை, ராஜ உடுப்பு. மூடநம்பிக்கை என்று ஒதுக்கும் முற்போக்குத் தோழர்களும் சரி, கேட்டது கிடைக்கும் என்று மட்டும் பிரசங்கம் வைக்கிற சாமியார்களும் சரி, இந்த உருவத்தை வாசித்ததே இல்லை.

சுவிசேஷத்துக் குழந்தைக்குக் கிரீடம் கிடையாது. சத்திரத்தில் இடமில்லாமல் மாட்டுத் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட பிள்ளை அது. முதலில் பார்க்க வந்தவர்கள் ராக்காவல் கிடந்த இடையர்கள். அதற்கு ராஜ உடுப்பு மாட்டியது யார்? ஸ்பெயினிலிருந்து போன சுரூபம் அது. பொலிக்சேனா என்ற பிரபுகுலச் சீமாட்டியின் சொத்து. 1628இல் அதைப் பிராக் நகரத்துக் கார்மேல் துறவிகளுக்கு அவர் கொடுத்தார். 1655இல் ஆயர் கிரீடம் சூட்டினார்.

இந்த இரண்டு வருசங்களுக்கும் நடுவில்தான் நமக்கான கதை இருக்கிறது. 1631இல் சாக்சனிப் படை நகருக்குள் புகுந்தது. மடம் சூறையானது. கை முறிந்த சுரூபம் பீடத்துக்குப் பின்னால் குப்பையோடு கிடந்தது. 1637இல் சிரில் என்ற துறவி தேடி எடுத்தார். அவரிடம் குழந்தை முதலில் தன் கைகளைத்தான் கேட்டது, சமாதானம் தருவது அதற்குப் பிறகுதான் என்றது என்கிறது மரபு.

பின்னால் தள்ளப்பட்ட பிள்ளை நமக்கு அந்நியமா என்ன? மடத்துக்குள் இருந்த சாதியை 1992இல் பாமாவின் 'கருக்கு' நம்ம பேச்சிலேயே எழுதிக் காட்டியது. எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கரின் வீடுகள் 2008இல் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் அதே பீடத்தில் நற்கருணை வாங்கியவர்கள்.

மகனுக்கு வேலை கேட்டு நவநாளில் மெழுகுவர்த்தி ஏற்றும் தாயை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்த வேலை எங்கே போனது என்று அவளுக்கு யார் சொல்வது? 1950ஆம் வருசத்துக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமைக்கு மதத்தை வேலியாகப் போட்டது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் வேலி திறந்தது. தலித் கிறிஸ்தவருக்கும் தலித் முஸ்லிம்களுக்கும் திறக்கவில்லை. மதத் தடையை எடுக்கச் சொல்லி 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தும் திறக்கவில்லை. இது சாமி கொடுக்காத வேலை அல்ல, சர்க்கார் பிடுங்கிய வேலை.

கிரீடத்தைக் கொண்டாடும் பக்தி, முறிந்த கையை ஒரு புதுமைக் கதையாகச் சுருக்கிவிட்டது. கை கேட்ட குழந்தையிடம் போய் வரம் மட்டும் கேட்டுத் திரும்புகிறோம். அதனிடம் கற்றுக்கொள்ள வேண்டியது கேட்கும் முறையை. சமாதானம் பேச வரும் ஆயர்களிடமும் ஆள்வோரிடமும் நாம் சொல்ல வேண்டியதும் அதுதான்: மொதல்ல எங்க கையக் குடுங்க, சமாதானத்தப் பெறகு பேசுவோம்.