போரும் வதையும்: கூரத்திலிருந்து சில கேள்விகள்

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள கூரம் என்னும் சிற்றூரை வரலாற்று மாணவர் அதன் செப்பேட்டால் அறிவர். வைணவர் கூரத்தாழ்வான் பிறந்த ஊர் எனப் போற்றுவர். போர்க்காலத்தில் கைதியை வதைப்பது அறமாகுமா என்னும் கேள்விக்கு மனிதர் அளித்துவந்துள்ள முரண்பட்ட விடைகளை ஆராய்வோர்க்கு இவ்விரண்டுமே பயன்படும்.

ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்ட செப்பேடு, சாளுக்கிய விக்கிரமாதித்தனுடன் நடந்த போரை வடமொழியில் விரித்துப் புகழ்கிறது. பகையரசன் கந்தையொன்றைப் போர்த்துக்கொண்டு ஓடினான் என்று சொல்வதில் அதற்குத் தனி மகிழ்ச்சி. களத்தில் தோற்றவனை இகழ்வதும் கையில் அகப்பட்டவனை வதைப்பதும் ஒன்றல்ல. ஆயினும் முன்னதைச் சுவைத்த உள்ளம் பின்னதற்கு எளிதில் இணங்கும். வியப்பு என்னவெனில், அதே செப்பேடு கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கும் ஒரு பங்கு ஒதுக்குகிறது. உறங்கியோரை இரவில் கொன்ற அசுவத்தாமனைச் சாபத்தோடு அலையவிட்ட நூல் அது. வெற்றியைப் பாடிய அரசே, வெற்றியின் முறையைக் கேள்வி கேட்கும் நூலுக்கும் படியளந்தது.

திருச்சபையின் மரபிலும் இவ்விரு குரல்கள் உண்டு. சமாதானத்தின் பிள்ளையாகிய கிறித்தவன் விலங்கு, சிறை, வதை ஆகியவற்றை நிறைவேற்றும் பணியில் எங்ஙனம் நிற்பான் என்று தெர்த்துல்லியன் வினவினார். இரு நூற்றாண்டு கழித்து அகுஸ்தீன், 'கடவுளின் நகரம்' பத்தொன்பதாம் நூலில், வதையால் குற்றமற்றவனும் பொய்யாக ஒப்புக்கொள்வான் என்பதைத் தெளிவாகக் காண்கிறார். கண்டும், ஞானமுள்ள நீதிபதி தன் இருக்கையை விட்டு எழமாட்டான் என்கிறார். தன்னை அழுத்தும் இன்றியமையாமைகளினின்று விடுதலை வேண்டி அவன் மன்றாடட்டும் என்பதே அவர் முடிவு. அகுஸ்தீனின் இரக்கம் உண்மையானது. ஆனால் அதில் பெரும்பங்கு நீதிபதிக்குப் போய்விடுகிறது. வதைக்கப்பட்டவன் ஒரு வாதத்தின் எடுத்துக்காட்டாய் நின்று மறைகிறான். அவர் பேசியது நீதிமன்றத்தைப் பற்றியே. எனினும், பின்னாளில் போரில் வதையை ஆதரித்த கிறித்தவர் பலரும் ஏறத்தாழ இவ்வழியிலேயே நடந்தனர். 1252இல் நான்காம் இன்னசென்ட் விசாரணையில் வதையை அனுமதித்தபோது அந்த மன்றாட்டுங்கூட எஞ்சவில்லை.

மாற்றுச் சான்று அல்சீரியப் போரில் உண்டு. அல்சியர்சு நகரின் காவல் நிர்வாகத்தில் உயர்பொறுப்பு வகித்த பால் தெய்த்சன் என்னும் கத்தோலிக்கர், வெடிகுண்டு வைத்தவன் பிடிபட்டு இன்னொரு குண்டு எங்கோ இருக்கிறது என்ற நிலையிலும் வதைக்கு அனுமதி மறுத்தார். முன்னர் நாத்சிகளிடம் தாமே வதையுண்டவர் அவர். 1957இல் பதவி துறந்தார்.

நமக்கு மிக அருகில் இலங்கை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிக் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாத காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்றது. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று மெய்ப்பிக்கும் சுமையையும் குற்றஞ்சாட்டப்பட்டவர் மேலேயே வைத்தது. பூட்டிய அறையில் நடந்ததற்கு அவர் யாரைச் சாட்சிக்கு அழைப்பார்? இதனை நாம் கண்டித்தோம், கண்டித்தது சரியே. ஆனால் தமிழ் இயக்கங்களின் சிறைகளில் தமிழரே வதையுண்டபோது, 'துரோகிக்குத் தண்டனை' என்னும் சொல் நம் வாயை அடைத்துவிட்டது.

'முறிந்த பனை' என்னும் நூலின் பெருமை இங்கேதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் நால்வர் எழுதி 1990இல் வெளிவந்த அந்நூல், இலங்கைப் படை, இந்திய அமைதிப்படை, இயக்கங்கள் ஆகிய எவரையும் வேறு தராசில் நிறுக்கவில்லை. அதன் அரசியல் பகுதிகள் நீண்டுவிட்டன என்பது என் எண்ணம். ஆனால் பெண்கள் தாம் பட்டதைச் சொல்லும் பக்கங்களில் ஒரு சொல்லும் மிகையில்லை. நால்வருள் ஒருவரான ராஜனி திராணகம, நூல் வெளிவருமுன்பே, 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இனி ஆழ்வான். சிவனுக்கு மேற்பட்டது இல்லை என்று எழுதித்தர மறுத்து, சோழன் அவையில் அவர் கண்ணிழந்தார் என்பது வைணவ மரபு. அரசன் பறித்தான் என்போரும், தாமே பறித்துக்கொண்டார் என்போரும் உளர். எந்தச் சோழன் என்பதில் வரலாற்றாசிரியர்க்குள் உடன்பாடில்லை. பின்னர்க் காஞ்சி வரதரிடம் அவர் வேண்டியது, தம்மைக் காட்டிக்கொடுத்த நாலூரானுக்கும் தாம் பெறும் பேறு கிடைக்க வேண்டும் என்பதே. இதை அவரிடம் கேட்கும்படி எவரும் வற்புறுத்தவில்லை. அதே மரபு அந்த மன்னனைக் கழுத்தில் புழு நெளிந்த 'கிருமிகண்டன்' என்றே இன்றளவும் அழைக்கிறது. ஆழ்வானின் மன்னிப்பை வைத்து அரசனின் செயலை அது மறைக்கவில்லை. ஈழத்திலிருந்து வந்தோரின் முகாம்களில் ஆழ்வானைப் போல் மன்னிக்கச் சொல்லும் பிரசங்கங்களை நான் கேட்டதுண்டு. வதைத்தவரின் பெயரைச் சொன்ன பிரசங்கம் ஒன்றையும் கேட்டதில்லை.