உறுப்பா? அணியா? — மேத்யூ ஃபிஷரின் ஆர்கன் இசை

ஒரு பாடலை இயற்றியவர் யார் என்பது எளிய வினாவாகவே தோன்றும். சொற்களை எழுதியவர் ஒருவர். அவற்றுக்கு மெட்டமைத்தவர் மற்றொருவர். இவ்விருவர் பெயரையும் இசைத்தட்டின்மேல் அச்சிட்டுவிட்டால் கடமை முடிந்தது என உலகம் கருதுகிறது. ஆயின், கருவி வாசிப்பவர் தாமே அமைத்த இசைப்பகுதி ஒன்று அப்பாடலின் உயிர்நிலையாகிவிடுமானால், அவரை இயற்றியவருள் ஒருவராகக் கொள்வதா, வாசித்தவராக மட்டும் கொள்வதா? ஆங்கில நாட்டு ராக் இசைக் கலைஞர் மேத்யூ ஃபிஷரின் கலைவாழ்வு இவ்வினாவையே நம்முன் வைக்கின்றது.

இலண்டனின் தென்பகுதியில் உள்ள குரோய்டன் வட்டாரத்தில் 1946ஆம் ஆண்டு பிறந்தவர் ஃபிஷர். கில்டுஹால் இசைப்பள்ளியில் முறையாகப் பயின்ற இவர், 1967ஆம் ஆண்டு 'புரோகல் ஹாரம்' என்னும் இசைக்குழுவில் சேர்ந்தார். அக்குழுவில் கேரி புரூக்கர் பாடினார், பியானோவும் வாசித்தார். சொற்களை எழுதியவர் கீத் ரீட். எக்கருவியும் வாசியாத அவரும் குழுவின் உறுப்பினராகவே மதிக்கப்பெற்றார். கித்தாரே தலைமை தாங்கிய அக்கால ராக் இசையில், பியானோவும் ஆர்கனும் இணைந்து முன்னிற்கும் குழு அரிதாகவே இருந்தது.

அவ்வாண்டு மே மாதம் வெளிவந்தது, 'எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்' என்னும் பாடல். பிரிட்டனில் 6 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. அமெரிக்காவில் 5ஆம் இடம் வரை உயர்ந்தது. பாடகரின் குரல் எழுமுன்னரே ஃபிஷரின் ஹேமண்ட் ஆர்கன் தனித்து முன்வந்து பேசத் தொடங்குகிறது. 1935 முதல் விற்பனைக்கு வந்த அம்மின்கருவி, பெருங்குழல் ஆர்கன் வாங்க இயலாத தேவாலயங்களையும் நோக்கிச் செய்யப்பட்டது. அதன் வழிபாட்டு நாதத்தை ஃபிஷர் மக்கள் பாடலுக்குள் கொணர்ந்தார். எட்டு அளவைகள் கொண்ட அந்த இசைப்பகுதி தொடக்கத்தில் ஒலித்து, சரணங்களுக்கிடையே மீண்டும் வருகிறது. ரீட்டின் சொற்கள் தெளிவாகப் பொருள் காட்டாதவை. ஒரு கனவின் சிதறல்களைப் போன்றவை. அச்சிதறல்களை ஒரே துயர உணர்வில் கோத்துத் தருவது ஆர்கனின் இழையே ஆகும்.

இங்கே ஒரு தடை எழலாம். "இது பாக் என்னும் செருமானிய இசைமேதையின் படைப்பைத் தழுவியதன்றோ? இதில் ஃபிஷரின் பங்கு யாது?" என்பர் சிலர். பாக்கின் புகழ்பெற்ற 'ஏர்' என்னும் இசையிலும் கீழ்ச்சுரங்கள் படிப்படியாக இறங்கிச் செல்ல, மேலே ஒரு சுரம் நீண்டு நிற்கும். இப்பாடலின் தொடக்கமும் அவ்வாறே. அவ்வொற்றுமையை எவரும் மறுக்க இயலாது. ஆனால் அத்தொடக்கத்தைக் கடந்ததும் ஃபிஷரின் இசை தன்வழியே செல்கிறது. ஏறியும் இறங்கியும் நெளிந்தும், பாடகரின் குரலுக்கு இடம் விட்டு ஒதுங்குகிறது. பழைய யாப்பில் புதிய கவிதை எழுதுபவனை யாப்பைத் திருடினான் என்று எவரும் கூறுவதில்லை. மரபைப் பெற்றுக்கொள்வது வேறு; பெயர்த்தெழுதுவது வேறு.

ஃபிஷரின் ஏனைய படைப்புகளையும் ஒருங்குவைத்து நோக்குதல் வேண்டும். குழுவின் முதல் இசைத்தட்டிலேயே, சொற்கள் இல்லாத 'ரிபென்ட் வால்பர்கிஸ்' என்னும் படைப்பு இவர் பெயரில் வந்தது. 1969இல் வெளிவந்த 'எ சால்ட்டி டாக்' இசைத்தட்டைத் தயாரித்தவரும் இவரே. அதில் இவர் இசையமைத்துத் தாமே பாடிய பாடல்களும் உள. நடுநிலையோடு கூறின், அவற்றில் இவர் குரல் மெலிந்து ஒலிக்கின்றது. புரூக்கரின் குரலில் உள்ள கனமும் வேதனையும் அதில் இல்லை. 1969இல் குழுவை விட்டு விலகிய பின் வெளியிட்ட தனி இசைத்தட்டுகளும் பெரும்புகழ் எய்தவில்லை. ஆனால், பழைய தோழர் ராபின் டிரோவரின் 'பிரிட்ஜ் ஆஃப் சைஸ்' என்னும் 1974ஆம் ஆண்டு இசைத்தட்டைத் தயாரித்தளித்த பணி பாராட்டத்தக்கது. இவற்றால் ஓர் உண்மை புலனாகிறது. ஃபிஷர் தனித்துப் பேசுவதைவிட, பிறர் குரலுக்கு மறுமொழி கூறும்போதே உயர்ந்து நிற்கும் கலைஞர். உலகம் எளிதில் மறந்துவிடும் திறனும் அதுவே.

அவ்வாறே அவர் மறக்கப்பட்டார். அப்பாடலை இயற்றியவர்களாகப் புரூக்கர், ரீட் ஆகிய இருவர் பெயர்களே பதிவாயின. 1991இல் மீண்டும் குழுவில் இணைந்து, 2004இல் விலகிய ஃபிஷர், 2005இல் வழக்குத் தொடுத்தார். 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை இணை ஆசிரியராக ஏற்று, இசையின் பதிப்புரிமையில் 40 விழுக்காடு அவருடையது என்று தீர்ப்பளித்தது. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய ஆசிரியத்துவத்தை ஏற்றது. எனினும் 38 ஆண்டுக் காலத் தாழ்வைச் சுட்டி வருவாயில் பங்கு மறுத்தது. 2009 ஜூலை 30ஆம் நாள் பிரபுக்கள் சபை அம்மறுப்பை ஒருமனதாக நீக்கியது. ஆயினும் வழக்குக்கு முந்தைய நெடுங்கால வருவாயில் அவருக்குப் பங்கு கிட்டவில்லை.

இத்தீர்ப்பு நேரியதா? புரூக்கர் 2022இலும் ரீட் 2023இலும் மறைந்துவிட்டனர். அவர்கள் தரப்பின் அச்சத்தையும் எளிதாகத் தள்ளிவிடுதல் தகாது. வாசிப்பவர் ஒவ்வொருவரும் உரிமை கோரினால் பாடலாசிரியன் நிலை என்னாகும் என்பதே அவ்வச்சம். மேலும், நாற்பதாண்டுகள் நெருங்கும் வரை உரிமையை வழக்காடிக் கேளாதிருந்தது ஃபிஷரின் குறையே. ஆனால் காலத்தாழ்வு ஒருவருடைய பொருளிழப்புக்குக் காரணமாகலாம், உண்மையை மாற்றிவிடாது. அச்சத்திற்கும் விடையுண்டு. செய்யுளில் அணி என்பது ஒன்று. உறுப்பு என்பது மற்றொன்று. அணியை நீக்கினால் அழகு குறையும். உறுப்பை நீக்கினால் செய்யுளே சிதையும். பெரும்பான்மைக் கருவியாளர் சேர்ப்பது அணி. ஃபிஷர் தந்ததோ உறுப்பு. அந்த ஆர்கன் இசையை நீக்கிவிட்டு அப்பாடலை நினைவிற் கொணர முயல்வார்க்கு இது தெற்றென விளங்கும்.

கலையைக் கற்பிக்கும் நமக்கு இதனால் பெறப்படும் கடமை ஒன்றுண்டு. இசைப்பாடல் ஒன்றை வகுப்பில் எடுத்துக்கொள்ளும்போது, எழுதியவர் பெயரை ஒப்புவிக்கச் செய்வதோடு நாம் அமைதியடைந்துவிடுகிறோம். பாடலில் எதை நீக்கினால் பாடல் நில்லாது என்று மாணவரைக் கேட்போமாயின், அவர்கள் செவிகொடுத்துக் கேட்கத் தொடங்குவர். பெயர்ப்பட்டியல் பிறர் எழுதி வைத்தது. அதில் விடுபட்டவரும் இருக்கலாம். விடுபட்டவரைக் கண்டுகொள்வதற்கு நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை திறனாய்வாளன் காத்திருத்தல் ஆகாது. 1967ஆம் ஆண்டிலேயே அவ்விசை எல்லார் செவியிலும் விழுந்தது. அதனை அமைத்தவர் பெயர்தான் எவர் கண்ணிலும் படவில்லை.