மறுபயன் முதல் தண்டம் வரை: அமெரிக்க ஒப்பந்தச் சொற்களும் தமிழ்ச் சட்டக் கலைச்சொல்லாக்கமும்

முன்னுரை

அமெரிக்காவில் குடியேறும் தமிழர் முதற்சில ஆண்டுகளிலேயே கையெழுத்திடும் ஆவணங்கள் மூன்று: பணியொப்பந்தம், வீட்டு வாடகை ஒப்பந்தம், வீடு வாங்கும் ஒப்பந்தம். கையெழுத்திடுவோரில் பலர் ஆங்கிலவழிப் பட்டம் பெற்றவர்கள். அன்றாட ஆங்கிலம் அவர்களுக்குத் தடையன்று. எனினும் ஒப்பந்தச் சொற்கள் அன்றாட ஆங்கிலத்தின் வடிவில் சட்டத்தின் பொருளைத் தாங்கி நிற்பவை. ‘கன்சிடரேஷன்’ என்பதைப் ‘பரிசீலனை’ எனப் படிப்பவர் மொழியறிவில் பிழை செய்யவில்லை. ஆனால், ஒரு வாக்குறுதிக்கு ஈடாகத் தரப்படும் பயனையே அச்சொல் ஒப்பந்தத்தில் குறிக்கிறது என்பதை அறியாது போகிறார்.

இவ்விடைவெளியை நிரப்பத் தமிழ்க் கலைச்சொற்கள் எந்த அளவிற்குத் துணைசெய்கின்றன என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். நியூ ஜெர்சி, கலிஃபோர்னியாவின் விரிகுடாப் பகுதி, டெக்சஸ் ஆகிய மூன்று வாழிடங்களின் சட்டநிலை சான்றாகக் கொள்ளப்படுகிறது.

இணைச்சொல் மரபு

தமிழில் சட்டம் எழுதும் முயற்சிக்கு நெடிய வரலாறு உண்டு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைச் ‘சித்தாந்த சங்கிரகம்’ எனத் தமிழில் திரட்டித் தந்தார். 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின் கலைச்சொல்லாக்கம் அரசுப் பணியாகவும் வளர்ந்தது. ‘மறுபயன்’, ‘உடன்பாடு’, ‘இழப்பீடு’ முதலிய சொற்கள் இன்று தமிழ்ச் சட்டநூல்களில் வழங்குகின்றன. இவற்றுள் ‘மறுபயன்’ சிறந்த ஆக்கம். ஒருவர் தரும் பயனுக்கு மற்றவர் திருப்பித் தரும் பயன் என்னும் கருத்தைச் சொல்லின் உறுப்புகளே உணர்த்துகின்றன. இவ்விடத்தில் ஆங்கிலச் சொல்லைவிடத் தமிழ்ச்சொல் தெளிவானது.

ஆயினும் இச்சொற்களின் பின்னணியில் நிற்பது இந்தியச் சட்டம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், சட்டத்தால் நிறைவேற்றத்தக்க உடன்பாடே ஒப்பந்தம் என வரையறுக்கிறது. அச்சட்டத்திற்கென வகுத்த சொல்லை வேறொரு நாட்டின் ஆவணத்திற்குப் பெயர்க்கும்போது சொல் அப்படியே இருக்க, அதன் விளைவு மாறிவிடுகிறது. இணைச்சொல் அகராதி இம்மாற்றத்தைக் காட்டுவதில்லை.

ஒரு தொடர், மூன்று விளைவு

இதற்குத் தக்க சான்று போட்டித்தடை நிபந்தனை. பணியை விட்டு விலகியவர் குறித்த காலத்திற்குப் போட்டி நிறுவனத்தில் சேரலாகாது என்பது அதன் சாரம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவிற்குச் செல்லாது என்கிறது. தொழிலின் நற்பெயரை விற்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. இப்பிரிவு நியூயார்க்கிற்காக டேவிட் டட்லி ஃபீல்டு முதலியோர் வகுத்த வரைவுத் தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. அதே வரைவைத் தழுவிய கலிஃபோர்னியக் குடிமைச் சட்டத் தொகுப்பும் 1872இலேயே இயற்றப்பட்டது. சென்னையின் சட்டமும் விரிகுடாப் பகுதியின் சட்டமும் இவ்வகையில் ஒரு மூலத்திலிருந்து பிறந்தவை. கலிஃபோர்னியாவில் இன்று இவ்விதி தொழில் மற்றும் உத்தியோகச் சட்டத் தொகுப்பின் 16600ஆம் பிரிவாக உள்ளது. எங்குக் கையெழுத்தானாலும் அத்தகைய நிபந்தனையை நடைமுறைப்படுத்த இயலாது என்னும் பிரிவு 2024 சனவரியில் நடைமுறைக்கு வந்தது.

டெக்சஸின் நிலை வேறு. வணிகச் சட்டத் தொகுப்பின் 15.50ஆம் பிரிவின்படி, நிறைவேற்றத்தக்க மற்றோர் உடன்பாட்டைச் சார்ந்ததாகவும், காலம், இடம், செயலெல்லை ஆகியவற்றில் நியாயமானதாகவும் இருந்தால் நிபந்தனை செல்லும். நியூ ஜெர்சியில் சட்டமன்ற விதியைவிடத் தீர்ப்புகளே இதனை ஆள்கின்றன. மிகையான நிபந்தனையை முழுதும் தள்ளாமல் நியாயமான அளவிற்குக் குறைத்து நிலைநாட்டலாம் என அம்மாநில உச்ச நீதிமன்றம் 1970இல் முடிவு செய்தது.

‘போட்டித்தடை’ என்னும் தமிழ்ச்சொல் மூன்று இடத்திற்கும் ஒன்றே. சான் ஓசேயில் அது பெரும்பாலும் வெற்றுத்தாள். ஆஸ்டினில் அது பிழைப்பைத் தடுக்கும் வலிமை உடையது. கலிஃபோர்னியாவிலிருந்து டெக்சஸுக்கு இடம்பெயர்பவர் பழைய நம்பிக்கையுடன் புதிய தாளில் கையெழுத்திடும் இடர் இங்கேதான் உள்ளது.

தண்டமா, இழப்பீடா

எச்-1பி நுழைவுரிமையில் பணிபுரிவோர்க்கு இச்சொல்லாய்வு வாழ்வாதாரச் சிக்கலாகிறது. குறித்த காலத்திற்கு முன் விலகினால் குறித்த தொகையைச் செலுத்த வேண்டும் என்னும் நிபந்தனை சில பணியொப்பந்தங்களில் இடம்பெறுகிறது. 1998இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டத் திருத்தமும் அதன்வழி எழுந்த தொழிலாளர் துறை விதிகளும், முன்கூட்டி விலகுவதற்குத் தண்டம் வாங்குவதைத் தடைசெய்கின்றன. உண்மையான முன்மதிப்பீட்டு இழப்பீட்டை மட்டும் ஏற்கின்றன. இரண்டில் எது என்பதை மாநிலச் சட்டம் தீர்மானிக்கும். ஒப்பந்தக் காலத்தில் கணிக்கக்கூடிய இழப்பிற்கு நியாயமான மதிப்பீடாக உள்ள தொகை இழப்பீடு; விலகுவோரை அச்சுறுத்தவே வைத்த தொகை தண்டம். ஒப்பந்தம் அதனை ‘இழப்பீடு’ எனப் பெயரிட்டிருப்பது மட்டும் போதாது.

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவோ இவ்வேறுபாட்டின் கூர்மையைக் குறைத்துவிட்டது. குறித்த தொகை தண்டமாயினும் அன்றாயினும், அதற்கு மேற்படாத நியாயமான ஈடே கிடைக்கும். எனவே தமிழகச் சட்டத் தமிழில் ‘தண்டம்’, ‘அபராதம்’, ‘நட்டஈடு’ ஆகியவை சற்று நெகிழ்ந்து வழங்கினும் பெருங்கேடு இல்லை. அமெரிக்கச் சூழலில் அந்நெகிழ்ச்சியே கேடு. செலுத்தத் தேவையற்ற தொகையை ‘ஒப்புக்கொண்ட நட்டஈடு’ எனக் கருதிச் செலுத்தும் நிலை அதனால் உருவாகும்.

இதே ஒப்பந்தங்களில் ‘அட்-வில்’ என்னும் தொடரும் வரும். ‘விருப்பப்படி’ என்ற மொழிபெயர்ப்பு உரிமையின் தொனியைத் தருகிறது. அதன் விளைவோ, சட்டம் விலக்கிய காரணங்கள் நீங்கலாக, முன்னறிவிப்பின்றியும் வேலை போகலாம் என்பது. எச்-1பி பணியாளருக்கு அதன்பின் கிடைப்பது அதிக அளவாக 60 நாள் சலுகைக் காலம். அனுமதிக்காலம் அதற்குள் முடிந்தால் அதுவும் குறையும்.

மத்தியஸ்தமும் அட்வான்சும்

‘ஆர்பிட்ரேஷன்’ என்பதைப் பேச்சில் ‘மத்தியஸ்தம்’ என்பர். ஊர்ப் பெரியவர் இருதரப்பையும் இணக்கும் காட்சியை அச்சொல் எழுப்புகிறது. அங்கு ஒப்பாதவர் நீதிமன்றம் செல்லலாம். அமெரிக்க ஒப்பந்தத்தின் நடுவர் நிபந்தனையோ நீதிமன்றத்தையும் நடுவர்குழு விசாரணையையும் கைவிடச் செய்வது. 2014 செப்டம்பரில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், கடன்சீரமைப்புச் சேவை ஒப்பந்தம் ஒன்றின் நடுவர் நிபந்தனையை நிலைநாட்ட மறுத்தது. நீதிமன்றம் செல்லும் உரிமையை நுகர்வோர் கைவிடுகிறார் என்பதை அந்நிபந்தனை தெளிவாகச் சொல்லவில்லை என்பதே காரணம். துறைச்சொல் மட்டும் பொதுமகனுக்குப் பொருளை உணர்த்திவிடாது என்னும் இக்கருத்து தமிழ்க் கலைச்சொல்லாளர்க்கும் பாடமாகும்.

தமிழாகிவிட்ட ஆங்கிலச் சொற்களும் வழிதவறச் செய்யும். சென்னையில் ‘அட்வான்ஸ்’ என்பது வீட்டு உரிமையாளரிடம் இருக்கும் பிணைத்தொகை. அமெரிக்காவில் அச்சொல் முன்கூட்டிச் செலுத்தும் வாடகையைக் குறிக்கும். பிணைத்தொகையின் விதிகளும் வேறுபடுகின்றன. 2024 சூலை முதல் கலிஃபோர்னியாவில் பொதுவரம்பு ஒரு மாத வாடகை. சிறு உரிமையாளர் சிலர்க்கு மட்டும் விலக்கு உண்டு. நியூ ஜெர்சியில் வரம்பு ஒன்றரை மாத வாடகை. டெக்சஸில் மாநிலச் சட்ட வரம்பு இல்லை.

ஆவண மரபு காட்டும் வழி

விளைவை விரித்துரைக்கும் முறை தமிழுக்குப் புதிதன்று. விசயநகரக் காலக் கொடை ஆவணங்களில் ‘தானாதி விநிமய விக்கிரயம்’ என்னும் தொடர் பயின்று வரும். பெறுபவர் நிலத்தைத் தானம் செய்யலாம், அடைமானம் வைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம் என்பது அதன் பொருள். உடைமை என்று ஒரு சொல்லால் முடிக்காமல், உடையவர் செய்யத்தக்க செயல்களை அது எண்ணிக் காட்டுகிறது. பிற்காலக் கிரயப் பத்திரங்களின் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாக’ என்பதும் உரிமை எத்தலைமுறைவரை செல்லும் என்பதைச் சொல்வதே. இத்தொடர்களின் வடமொழிச் செறிவு பொதுமக்களுக்கு எட்டாதது எனக் குறை கூறலாம், அக்குறை நியாயமானதே. எனினும் நடையை விலக்கி முறையைக் கொள்ளத் தடையில்லை.

முடிவுரை

கலிஃபோர்னியக் குடிமைச் சட்டத் தொகுப்பின் 1632ஆம் பிரிவு, ஸ்பானியம், சீனம், தகாலோகு, வியத்நாமியம், கொரியம் ஆகிய ஐந்து மொழிகளில் பேசி முடித்த குறித்த வகை ஒப்பந்தங்களுக்குக் கையெழுத்திற்கு முன் மொழிபெயர்ப்புத் தரவேண்டும் என்கிறது. தமிழ் அப்பட்டியலில் இல்லை. நியூ ஜெர்சியின் 1980ஆம் ஆண்டு எளியமொழிச் சட்டம் நுகர்வோர் ஒப்பந்தம் தெளிவாக எழுதப்பட வேண்டும் என்கிறது. அது கருதுவது ஆங்கிலத் தெளிவையே. எனவே தமிழ் விளக்கத்தைத் தரும் பொறுப்பு தமிழ் அமைப்புகளிடமும் ஆய்வாளரிடமுமே எஞ்சுகிறது.

அத்தகைய சொல்லடைவு ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று கூறுகளைத் தருதல் வேண்டும்: தமிழ்ப்பெயர், கையெழுத்திடுபவர் பெறுவதும் இழப்பதும், மாநிலந்தோறும் அதன் வலிமை. ‘நடுவர் நிபந்தனை’ என்பதன் எதிரே ‘இதில் கையெழுத்திட்டால் இவ்வழக்கிற்காக நீதிமன்றம் செல்ல இயலாது போகலாம்’ என்னும் தொடர் நிற்குமாயின், படிப்பவர் கையெழுத்திற்கு முன் கேட்க வேண்டிய வினாவை அறிந்துகொள்வார். இணைச்சொல் அகராதிகள் இதுவரை செய்யாது விட்ட பணி அதுவேயாகும்.