இணையத்தில் நாவல்: எல்லைப்புறத்திலிருந்து ஒரு பார்வை

தமிழில் நாவல் எழுதுகிறவர் எவரும் இனிப் பதிப்பாளர் வீட்டு வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை என்கிறார்கள். ஓரளவு உண்மைதான். 2016 டிசம்பரில் அமேசானின் கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் வந்தன. எழுதியவரே தம் நூலை ஏற்றிக்கொள்ளும் வசதியும் தொடர்ந்து வந்தது. பெங்களூரில் 2014இல் தொடங்கிய பிரதிலிபியில் பல்லாயிரம் பேர் தொடர்கதை எழுதுகிறார்கள். அச்சுப் புத்தகம்தான் வேண்டும் என்பவருக்குப் போத்தி, நோஷன் பிரஸ் போன்ற நிறுவனங்கள் ஒரே ஒரு பிரதி கேட்டாலும் அடித்துத் தருகின்றன. ஐ.எஸ்.பி.என். எண் அரசிடம் இலவசம். ஆக, கதவு திறந்தாச்சு. ஆனால் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவிலோ, இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு மலைகளிலோ இருந்து தமிழில் எழுதுகிறவருக்கு இந்தக் கதவு வழியாக என்ன வந்தது?

எல்லைப்புறத் தமிழுக்குச் சொந்தப் பதிப்பு ஒன்றும் புதிதல்ல. தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் அவரே முயன்று வெளியிட்ட நூல். 1956 வரை திருவிதாங்கூரில் இருந்த தேங்காய்ப்பட்டணத்தின் கதை அது. மலையாளம் படித்து வளர்ந்தவர் எழுதிய தமிழ். சென்னை வாசகருக்கு அருஞ்சொற்பொருள் தேவைப்பட்ட தமிழ். அப்படிப்பட்டவருக்கே 1997இல் 'சாய்வு நாற்காலி'க்காகச் சாகித்திய அகாதமி விருது வந்தது. சி.சு. செல்லப்பாவும் தம் கடைசிக் காலத்தில், 1997இல், 'சுதந்திர தாக'த்தைத் தாமே மூன்று பாகங்களாக அச்சிட்டார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே புத்தக மூட்டையைச் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றவர் அவர். மறைந்த பிறகு, 2001இல், விருது வந்தது. இந்த இருவருக்கும் அச்சிடுவது கஷ்டமாகத்தான் இருந்தது. அதைவிடக் கஷ்டம் விற்பது. இணையம் தீர்த்து வைத்தது முதல் கஷ்டத்தை மட்டும்தான் என்பது என் கருத்து.

நடைமுறையைக் கொஞ்சம் பார்ப்போம். முதல் தொல்லை எழுத்துரு. டி.டி.பி. கடையில் பாமினியிலோ வானவில்லிலோ அடித்து வைத்த பழைய கையெழுத்துப் பிரதியை அப்படியே மின்னூலாக ஏற்றினால் தமிழ் வராது, கோழி கிண்டியது போலத்தான் வரும். யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பின் வரிவரியாகத் திருத்தவும் வேண்டும். அடுத்தது கணக்கு. அமேசானின் இந்திய விற்பனையில் 35 விழுக்காடு ராயல்டி சாதாரணமாகக் கிடைக்கும். 70 வேண்டுமென்றால் அந்த மின்னூலை வேறெங்கும் தருவதில்லை என்று தொண்ணூறு தொண்ணூறு நாளாக எழுதிக் கொடுக்க வேண்டும். வரியிலும் ஒரு வேடிக்கை உண்டு. அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மின்னூலுக்கு 18 விழுக்காடு என்று வைத்தார்கள். 2018 ஜூலையில் அதை 5 ஆகக் குறைத்தபோது, அச்சிலும் வந்த நூலுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. அச்சிடக் காசில்லாமல் மின்னூலுக்குப் போனவனுக்குத்தான் கூடுதல் வரி!

இதையெல்லாம் விடப் பெரிய சங்கதி, இந்த ஏற்பாடு நாவலின் உருவத்தையே மாற்றுகிறது என்பது. கிண்டில் சந்தாதாரர் படித்தால், படித்த பக்கத்துக்கு இவ்வளவு என்று ஆசிரியருக்குப் பணம். பக்கம் நீள நீள வரவு. தொடர்கதைத் தளங்களிலோ அத்தியாயம் சுருங்க வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு கொக்கியில் முடிய வேண்டும். குடும்ப நாவல் எழுதும் பெண்கள் இதில் வெற்றி பெற்றுவிட்டார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வாரப் பத்திரிகை கைவிட்ட வாசகியை அவர்கள்தான் மீட்டு எடுத்தார்கள். 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை ஜெயமோகன் நாள்தோறும் இணையத்தில் எழுதிய 'வெண்முரசு' 26 நாவல்களாக வளர்ந்ததையும் மறுக்க முடியாது. ஆனால் அவருக்கு வாசகர் கூட்டம் முன்பே இருந்தது.

ஒரு லயத்துக் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை அப்படி ஓடாது. 2015இல் மூணாறில் பெண் தொழிலாளர்கள் சங்கங்களையே ஓரம்கட்டிவிட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவில் பெட்டிமுடியில் லயங்கள் மண்ணுக்குள் போய் 70 உயிர் போனது. இவற்றைப் பற்றி உள்ளிருந்து ஒருவர் எழுதினால் மெதுவாகத்தான் எழுதுவார், 'கங்காணி', 'கொழுந்து', 'பிரட்டு' என்று அந்த மண்ணின் சொல்லோடு எழுதுவார். பிழைதிருத்தி மென்பொருள் அதில் பாதிக்குச் சிவப்புக் கோடு போடும். நட்சத்திரம் போடுகிற முகந்தெரியாத வாசகரோ "புரியவில்லை" என்று ஒன்று போட்டுவிட்டுப் போவார். நல்ல பதிப்பாசிரியர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் எதை விட்டுவைக்கலாம், எதை வெட்டலாம் என்று சொல்லியிருப்பார். சொந்தப் பதிப்பில் விடுபட்டுப் போவது அந்த ஆள்தான். நான் படித்த இணைய நாவல்களில் பலவும் நூறு பக்கம் குறைத்திருந்தால் நிமிர்ந்து நின்றிருக்கும்.

யாரைப் பற்றி எழுதுகிறாரோ அவர்களிடம் அது போய்ச் சேருமா? 2021இல் ராஜமலைப் பக்கத்துப் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்காகச் சிக்னல் தேடி மேலேறிப் போனது செய்தியாக வந்தது. அந்த வீட்டுப் பெரியவர்கள் கிண்டிலில் நாவல் படிப்பார்கள் என்று நினைப்பது நம்ம நகரத்துக் கற்பனை. அங்கே புத்தகம் கையில் போக வேண்டும். தபாலோ, 2024 டிசம்பரில் பழைய புக் போஸ்ட்டை நிறுத்தியது. 2025 மே முதல் 'ஞான் போஸ்ட்' வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய் என்று தொடங்கினார்கள். முந்நூறு பக்க நாவல் அந்த எடையைத் தாண்டிவிடும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

நாம் குடியிருக்கும் இந்த மாநிலத்திலேயே பார்க்க ஒரு பாடம் உண்டு. 1945இல் கோட்டயத்தில் எம்.பி. போள், காரூர் நீலகண்டப் பிள்ளை முதலிய எழுத்தாளர்கள் கூடிச் சாகித்திய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். எழுதியவருக்கு 30 விழுக்காடு ராயல்டி, விற்கச் சொந்தக் கடை. அதே 1945இல் பி.என். பணிக்கர் தொடங்கிய நூலக இயக்கம் கிராமந்தோறும் வாசகசாலை வைத்தது. எழுத்தும் கடையும் வாசகசாலையும் ஒன்றாக வளர்ந்தன. இன்றும் மாவட்ட நூலகக் கவுன்சில்களின் புத்தக விழாவில், கிராம நூலகங்கள் தங்கள் மானியத்தைக் கொண்டு பெட்டி பெட்டியாக நூல் வாங்கிப் போகின்றன. கொழிஞ்சாம்பாறையிலும் மறையூரிலும் வட்டவடையிலும் உள்ள வாசகசாலைகளுக்கும் அந்த மானியத்தில் பங்கு உண்டு. எந்தத் தமிழ் நூலை வாங்குவது என்று அவர்களிடம் ஒரு பட்டியல் கொடுக்க யார் போயிருக்கிறோம்? நமது சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதை எடுத்துப் பேசலாம்; பத்துப் பிரதி வீதம் வாங்கி மலைக்கு அனுப்புவதற்கு ஓணக் கலைநிகழ்ச்சியின் ஒலிபெருக்கிச் செலவுகூட ஆகாது.