மரம் காய்ந்ததா, காய்த்ததா? – ஒழுங்கில் அடங்கா வினைத்திரிபும் மலாக்காத் தமிழ்க் கல்வியும்

முன்னுரை

'மரம் காய்ந்தது' என்பதற்கும் 'மரம் காய்த்தது' என்பதற்கும் இடையே ஒரு மெய்யெழுத்தே வேறுபாடு. ஆயினும் முன்னது மரம் பட்டுப்போனதை உணர்த்த, பின்னது அது பயன் தந்ததை உணர்த்துகின்றது. இரண்டு வினைகளுக்கும் பகுதி 'காய்' என்பதேயாகும். எவ்விடத்தில் 'ந்த்' வரும், எவ்விடத்தில் 'த்த்' வரும் என்று வினவும் மாணவனுக்கு நம் இலக்கணப் பாடம் கூறும் விடை யாது? இவ்வினா சிறியதாகத் தோன்றினும், வினைத்திரிபினை நாம் கற்பிக்கும் முறை முழுவதையும் மறுபார்வைக்கு உட்படுத்த வல்லது. ஒழுங்கில் அடங்கா வினைகளை நம் இலக்கண மரபும் அகராதி மரபும் வகுப்பறையும் எதிர்கொள்ளும் பாங்கினை, மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களையும் பட்டணங்களையும் சார்ந்த தமிழ்க் கல்விச் சூழலை மனத்திற்கொண்டு இக்கட்டுரை மதிப்பிட முற்படுகின்றது.

ஒழுங்கின்மை அமைந்துள்ள இடம்

ஒழுங்கற்ற வினை என்னும் கருத்து, மேலை மொழிகளைக் கற்போரிடையே பெரிதும் பேசப்படுவதாகும். நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் கற்பிக்கப்படும் இத்தாலிய மொழியை ஒப்புநோக்குக்கு எடுத்துக்கொள்ளலாம். அம்மொழியில் வினைகள் ஈறு நோக்கி மூவகையாகப் பகுக்கப்படுகின்றன. போதலைக் குறிக்கும் 'அந்தாரே' என்னும் வினை முதல் வகை ஈற்றைக் கொண்டிருந்தும் அவ்வகைக்குக் கட்டுப்படுவதில்லை. 'நான் போகிறேன்' என்பதற்கு 'வாதோ' என்றும் 'நாம் போகிறோம்' என்பதற்கு 'அந்தியாமோ' என்றும் அது வரும். ஒரே காலத்தில், இடமும் எண்ணும் மாறும்போது வேர்ச்சொல்லே மாறிவிடுகின்றது.

தமிழின் இயல்பு இதனின் வேறானது. வந்தேன், வந்தாய், வந்தான், வந்தோம் என எவ்விகுதி வரினும் 'வந்த்' என்னும் முற்பகுதி மாறுவதில்லை. இடமும் எண்ணும் பாலும் காட்டும் விகுதிகள் பெரும்பாலும் ஒழுங்கானவை. ஒழுங்கின்மை தோன்றும் இடம், பகுதியும் கால இடைநிலையும் சந்திக்கும் இடமேயாகும். வா என்பது வருகிறான், வந்தான் எனவும், காண் என்பது காண்கிறான், கண்டான் எனவும், சா என்பது சாகிறான், செத்தான் எனவும், வே என்பது வேகிறது, வெந்தது எனவும் வருதல் காண்க. ஆகவே, தமிழ் மாணவன் ஒரு வினைக்குரிய இறந்தகால வடிவத்தையும் நிகழ்கால வடிவத்தையும் அறிந்துவிட்டால், எஞ்சிய வடிவங்களுள் மிகப் பலவற்றைத் தானே ஆக்கிக்கொள்ள இயலும். இத்தாலிய மாணவனுக்கு வாய்க்காத இவ்வசதியை நம் பாடங்கள் போதிய அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதே நம் கருத்து.

நன்னூல் நெறியும் அகராதி நெறியும்

நன்னூலார் ஏவல் வினைப் பகுதிகளை 23 ஈறுகளுக்கு எடுத்துக்காட்டுத் தந்து நிறுத்துகின்றார். நட, வா, செல், கேள் என்பன அவற்றுட் சில. 'வா' என்பதைத் தனியே ஒதுக்காமல் ஏனையவற்றோடு ஒருங்கே வைத்திருப்பது நோக்கத்தக்கது. ஆயினும் ஈற்றெழுத்து ஒன்றே திரிபினை உறுதி செய்வதில்லை. லகர ஈற்று வினைகளையே பார்ப்போம். கொல், செல், வெல் என்பன கொன்றான், சென்றான், வென்றான் என வரும். கல், வில் என்பன கற்றான், விற்றான் என வரும். நில் என்பது நிகழ்காலத்தில் நிற்கிறான் எனக் கல் என்பதனோடு ஒத்தும், இறந்தகாலத்தில் நின்றான் எனச் செல் என்பதனோடு ஒத்தும் நடக்கும். சொல் என்பதோ இவை யாவற்றினும் வேறாகச் சொன்னான் என வரும். ஓர் ஈற்றினுள்ளேயே நான்கு நடைகள் அமைந்துள்ளன.

பகுபத உறுப்பிலக்கணம் இதனை எவ்வாறு விளக்குகின்றது? காய்த்தது என்பதைக் காய் + த் + த் + அ + து எனப் பிரிப்போம். காய்ந்தது என்பதையும் அவ்வாறே பிரித்து, சந்தித் தகரம் நகரமானது விகாரம் என்போம். இப்பகுப்பு பிழையன்று. ஆனால், விகாரம் என்னும் பெயர் நிகழ்ந்ததைச் சுட்டுகின்றதேயன்றி, எப்போது நிகழும் என்பதைச் சுட்டுவதில்லை. சரியான வடிவத்தை முன்னரே அறிந்தவனால்தான் அதனைப் பகுக்க இயலும். நன்னூலாரை இதற்காகக் குறைகூறுதல் பொருந்தாது. தமிழைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர்க்கே அவர் நூல் செய்தார். அவர்களுக்கு வடிவத்தை ஆக்கித் தரவேண்டிய தேவை இருக்கவில்லை. அந்நூலின் பகுப்பு முறையை, பேச்சுச் சூழல் குன்றிய மாணவர்க்கு ஆக்க முறையாக நாம் வழங்கிவருவதே குறையாகும்.

தமிழை வெளியிலிருந்து அணுகியோர் வேறு நெறியைக் கண்டனர். இத்தாலியரான வீரமாமுனிவர், சமயத்தொண்டர்கள் பேச்சுத்தமிழைக் கற்பதற்கென 1728இல் இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. கார்ல் கிரவுல் 1855இல் வெளியிட்ட இலக்கணத்தில் வினைகளைத் திரிபு நோக்கி வகைப்படுத்தினார். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி அத்தகைய வகைப்பாட்டினை ஏற்று, ஒவ்வொரு வினைக்கும் வகையெண் இட்டது. காய்தல் 4ஆம் வகை; காய்த்தல் 11ஆம் வகை. வா, தா போன்றவை பிற வகைகளுள் அடங்காமையின் 13 என்னும் எண் பெற்றன. இங்குத் தலைச்சொல்லே காய்தல், காய்த்தல் என வேறுபடுவதால் மயக்கம் நீங்குகின்றது. எனினும் இவ்வெண்கள் ஆய்வாளர்க்குரியன. தொடக்கப்பள்ளி மாணவன் 13 எண்களை மனனம் செய்து தமிழ் கற்க வேண்டும் என எவரும் கூறார்.

தோட்டப் பேச்சு ஆற்றிய பணி

அவ்வாறாயின் நம் முன்னோர் இவ்வடிவங்களை எவ்வாறு கற்றனர்? மலாக்காவில் டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அதனையடுத்துப் புக்கிட் அசகானிலும் பெருந்தோட்டம் எழுந்தது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களின் தோட்ட லயங்களில் வாழ்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு வினைத்திரிபினைப் பயிற்றிய முதற்பள்ளி அன்றாடப் பேச்சே. பாலை 'நிறுத்தாங்க' என்றால் எடை போட்டார்கள் என்பதும், வேலையை 'நிறுத்துனாங்க' என்றால் ஓய்ந்தார்கள் என்பதும் அவர்களுக்கு விதியின்றியே விளங்கின. நிறு, நிறுத்து என்னும் இரு பகுதிகளின் வேறுபாட்டை அவர்கள் தொழிலோடு சேர்த்தே கற்றனர்.

இதனினும் முதன்மையான செய்தி ஒன்றுண்டு. கொச்சை என நாம் ஒதுக்கும் பேச்சு வடிவங்கள் இவ்வகை வேறுபாட்டைச் சிதையாமல் காத்துள்ளன. 'மரம் காஞ்சு போச்சு', 'மரம் காய்ச்சிருக்கு', 'பிரிஞ்சாங்க', 'பிரிச்சாங்க', 'உடைஞ்சுச்சு', 'உடைச்சாங்க' என்பவற்றை நோக்குக. பேச்சில் 'ஞ்ச்' வருமிடத்தில் எழுத்தில் 'ந்த்' வருகின்றது. 'ச்ச்' வருமிடத்தில் 'த்த்' வருகின்றது. இகரம், ஐகாரம், யகர மெய் ஆகிய ஈறுகளையுடைய வினைகளில் இவ்விணைவு பரவலாகக் காணப்படுகின்றது. 'பிரிஞ்சாங்க' என எழுதிய மாணவனின் விடையைச் சிவப்பு மையால் அடித்துவிடும் ஆசிரியர், அம்மாணவன் சரியான வினைவகையைத் தெரிந்தெடுத்துள்ளான் என்பதைக் காணத் தவறுகின்றார். 'பிரித்தார்கள்' என எழுதவேண்டிய இடத்தில் 'பிரிந்தார்கள்' என எழுதியவனோ, எழுத்துத்தமிழ் தோற்றத்தால் தப்பிவிடுகின்றான். இவ்விருவருள் மொழியறிவு எவனிடம் உள்ளது என்பதை நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

பேச்சுத்தமிழை வகுப்பறைக்குள் விடின் செந்தமிழ் கெடும் என்னும் அச்சம் நம்மிடையே உண்டு. அவ்வச்சம் பொருளற்றதன்று. எழுத்துத்தமிழே பாடத்தின் இலக்கு என்பதில் நமக்கும் ஐயமில்லை. மேலும், கல், செல் போன்ற வினைகள் பேச்சில் அருகிவிட்டமையால் அவற்றுக்குப் பேச்சு துணைசெய்யாது, படித்தலே வழி. ஆயினும், மாணவன் முன்னரே பெற்றுள்ள அறிவைப் படியாகக் கொண்டு இலக்கை அடைவதற்கும், அப்படியை அகற்றிவிட்டு அவனைத் தாவச் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு.

பெயர் தங்கும், வினை நீங்கும்

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாற, தமிழ்க் குடும்பங்கள் பட்டணங்களில் பரவி வாழத் தொடங்கிவிட்டன. அங்குப் பிள்ளைகள் மிகுதியும் கேட்கும் மலாய்மொழியில் வினை காலத்திற்கும் இடத்திற்கும் ஏற்பத் திரிவதில்லை. நானும் 'பெர்கி', அவர்களும் 'பெர்கி'. நேற்றும் நாளையும் அவ்வாறே. இம்மொழிச் சூழலில் தமிழ் வினைத்திரிபு தானே வளரும் என எதிர்பார்த்தல் இயலாது.

மலாக்காவிலேயே இதற்குச் சான்றுண்டு. மலாக்கா சுல்தானகக் காலத்தில் வந்த தமிழ் வணிகர் வழியினராகிய செட்டிச் சமூகத்தார், காஜா பெராங் பகுதியில் தம் கோயில்களையும் சடங்குகளையும் பேணி வாழ்கின்றனர். 1781ஆம் ஆண்டைச் சார்ந்த ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் அவர்தம் மரபின் அடையாளமாகும். பொங்கலும் அவர்களிடம் நிலைத்துள்ளது. அவர்களின் பேச்சுமொழியோ மலாயின் ஒரு கிளையாகிவிட்டது. சமயமும் விழாவும் சார்ந்த தமிழ்ப் பெயர்கள் தங்கின, வினைத்திரிபு தங்கவில்லை. இதனைக் குறையெனச் சுட்டுவது நம் நோக்கமன்று. பல நூற்றாண்டுகள் தம் சமயத்தைக் காத்த அவர்களின் உறுதி போற்றத்தக்கது. பெயர்ச்சொற்கள் சடங்கோடு வாழவல்லன. வினைத்திரிபு உரையாடலில் மட்டுமே வாழும் என்பதை அவர்களின் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

முடிவுரை

இம்மதிப்பீட்டின் அடிப்படையில் ஆசிரியர்கள் எண்ணிப்பார்க்கத்தக்க சிலவற்றை முன்வைக்கின்றோம். புதிய வினையைக் கற்பிக்கும்போது பகுதியை மட்டும் தராமல், 'காய் – காய்கிறது – காய்ந்தது', 'காய் – காய்க்கிறது – காய்த்தது' என மூன்று வடிவங்களையும் பொருளோடு சேர்த்துத் தருதல் வேண்டும். வா, தா, காண், சொல், நில் முதலிய வினைகளை விதிவிலக்குகள் என இறுதியில் ஒதுக்காமல், மிகுதியும் வழங்குவன என்பதால் முதலில் பயிற்றுதல் வேண்டும். பேச்சு வடிவத்தையும் எழுத்து வடிவத்தையும் அருகருகே எழுதி, அவற்றின் இணைவை மாணவரே கண்டறியச் செய்தல் வேண்டும். பகுபத உறுப்பிலக்கணத்தை, வடிவங்களை ஆளத் தெரிந்தபின் இடைநிலைப்பள்ளியில் விரிவாக நடத்தலாம்.

2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வு நீக்கப்பட்டபின், தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்குத் தேர்வு வடிவத்தைக் கடந்து கற்பிக்கும் வாய்ப்பு ஓரளவு கூடியுள்ளது. வாரத்தில் ஒரு பாடவேளையேனும், பாட்டனார் பால்மரம் வெட்டிய கதையை மாணவர் கேட்டுவந்து வகுப்பில் கூறவும், பின் அதனை எழுத்துத்தமிழில் எழுதவும் வழிசெய்யலாம். அக்கதையில் நிறுத்தார்கள் என்பதும் நிறுத்தினார்கள் என்பதும் தத்தம் இடத்தில் வந்து அமையும். அவ்வாறு அமையாதவிடத்து, மாணவனைத் திருத்துவதற்கு முன்னர், அவ்வினையை அவன் யாரிடமேனும் கேட்டிருக்கின்றானா என்று நாம் வினவுதல் நலம்.